வீட்டு ஃப்ரீசரில் ரோஸே ஒயினை உறைய வைத்து மிக்சியில் அடிப்பது எப்படி? (கரண்ட் போகும் ஊரில்)

அரசலாற்றங்கரை (காரைக்கால்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கத்திரி வெயில் சமயத்தில் என் கணவரின் அண்ணன் குடும்பம் பாரீஸிலிருந்து வருகிறது. அந்த அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுபவர், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கோடையில் ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயினை உறைய வைத்து, ஸ்ட்ராபெர்ரியும் எலுமிச்சையும் சேர்த்து அடித்து, ஸ்பூன் போட்டுக் கொடுப்பார்களாம். ஃப்ரோஸே என்று பெயர். அவர் மகள் போனில் சொல்லச் சொல்ல எனக்கே ஆசையாகிவிட்டது. அவர்கள் வந்து இறங்கிய மறுநாள் சாயங்காலம், மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து வைத்து, நானே செய்து கொடுக்க வேண்டும்.

ரோஸே பாட்டில் எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஒயினோடு ஐஸ் கட்டி போட்டு மிக்சியில் அடித்தால் போதுமா, ஒயினையே உறைய வைக்க வேண்டுமா? சாதாரண மிக்சி தாங்குமா? மே மாதத்தில் இங்கே ஸ்ட்ராபெர்ரிக்கு எங்கே போவது, வேறு பழம் சேருமா? மதியம் கரண்ட் போனால் ஃப்ரீசரில் இருப்பது என்ன ஆகும்? அப்புறம், வீட்டில் மாமியார் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பார்க்க இதே மாதிரி ஒன்று செய்து தர வேண்டும், ஒதுக்கி வைத்ததாகத் தோன்றக் கூடாது.

நாகை ஐஸ் எழுதியது:

அக்கா, நான் நாகப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறேன். படகுகளுக்கு பார் ஐஸ் (பெரிய ஐஸ் பாளம்) போடுகிறோம். அப்பா காலத்தில் குச்சி ஐஸும் போட்டோம். ஒயின் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் எது எப்போது உறையும் என்பது எங்கள் பிழைப்பு. அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஐஸ் கட்டி போடவே வேண்டாம். ஐஸ் உருக உருகத் தண்ணீர்தான் ஏறும், ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஒயினையே உறைய வையுங்கள். ரோஸேயில் ஆல்கஹால் 12, 13 சதவீதம் இருக்கும். தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும், ஒயின் மைனஸ் 5 டிகிரி வாக்கில்தான் உறைய ஆரம்பிக்கும். அதற்கு மேல் குளிர்ந்தாலும் முதலில் உறைவது அதிலுள்ள தண்ணீர்தான். ஆல்கஹால் மிச்சமிருக்கும் நீரோடு சேர்ந்து திரவமாகவே நடுவில் நிற்கும். அதனால்தான் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்தாலும் ஒயின் கல்லாகாது, ஈர மணல் போல இருக்கும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பாட்டிலோடு மட்டும் ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் போல விரியும், கண்ணாடி விட்டுவிடும். அகலமான எவர்சில்வர் தட்டிலோ கேக் டின்னிலோ இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, மூடி, முந்தின நாள் இரவே வைத்துவிடுங்கள். ஆழம் குறைந்தால் சீக்கிரம் பிடிக்கும், சமமாகவும் பிடிக்கும். அலுமினியப் பாத்திரம், ஈயம் பூசாத பித்தளை இரண்டும் கூடாது. ஒயின் புளிப்பு, பாத்திரத்தை அரிக்கும். நுரைக்கிற ஒயின் வகையை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். மூடிய மிக்சி ஜாரில் அடித்தால் வாயு மூடியைத் தள்ளும்.

இப்போது சர்க்கரை. இதில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். குச்சி ஐஸ் தண்ணீரை உறைவதற்கு முன்பு குடித்துப் பாருங்கள், திகட்டும். அதே கலவை உறைந்தபின் அளவாக இருக்கும். அதோடு சர்க்கரையும் உறைநிலையை இறக்குவதால் ஐஸ் பொடி சின்னச் சின்னதாக, மிருதுவாக வரும். 750 மில்லி பாட்டிலுக்கு 100 கிராம் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் காய்ச்சி ஆறவிட்டு, இரண்டு எலுமிச்சையின் சாறோடு, அடிக்கும்போது சேருங்கள். அதற்கு மேல் சர்க்கரை போனால் கூழாகவே நிற்கும், எவ்வளவு நேரம் வைத்தாலும் பிடிக்காது. ஒயினே இனிப்பு வகையாக இருந்தால் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். பாட்டிலைப் பார்த்து, நிறம் அழுத்தமான ரோஸேயாக எடுங்கள். உறைந்து அடித்தால் நிறமும் வாசனையும் வெளிறும். நாசிக் பக்கத்து ஒயினே போதும். சுலா என்கிற கம்பெனியின் ஜின்ஃபண்டல் ரோஸே இந்த வேலைக்குச் சரியாக வரும் என்று ஓட்டலில் வேலை பார்க்கும் என் மச்சான் சொல்கிறார். விலை உயர்ந்த பாட்டிலை உறைய வைத்து வீணாக்காதீர்கள்.

இப்படி மதுவை உறைய வைப்பது பற்றி எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. 1971இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் மரியானோ மார்ட்டினெஸ் என்கிற ஓட்டல்காரர், மிக்சியில் அடித்த உறை மார்கரிட்டா (டெக்கீலா மதுவும் எலுமிச்சையும் கலந்த பானம்) ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வருகிறது என்று தவித்து, சாஃப்டி ஐஸ்கிரீம் மெஷினை மாற்றியமைத்து அதில் போட்டார். அந்த மெஷின் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு ஐஸ் மெஷினுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததை நினைத்தால் மனசு நிறைகிறது.

மிக்சி தாங்கும். பெரிய வெட் ஜாரைக் காலி செய்து அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்ததைக் கரண்டியால் கொத்தி, ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பிளேடு சூட்டில் உருகிவிடும். அடித்ததை மறுபடி அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, டம்ளரில் போடும் முன் ஒரு சுற்று மட்டும் அடியுங்கள். அந்த இரண்டாவது சுற்றை விடாதீர்கள், பக்குவமே அதில்தான்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். கதவைத் திறக்காமல் இருந்தால் ஒரு மணி நேரம் போனாலும் ஃப்ரீசரில் குளிர் நிற்கும். அதற்கு மேல் போகும் என்றால் பழைய முறைதான். துறைமுகத்துப் பக்கம் பார் ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றி உடைத்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு வேதாரண்யம் கல் உப்பு கலந்து ஒரு பக்கெட்டில் கொட்டுங்கள். உப்பு பட்ட ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே உருகும், உருகும்போது சுற்றியிருக்கும் சூட்டை இழுக்கும். மைனஸ் 10க்கும் கீழே தாராளமாக இறங்கும். ஒயின் கலவையை மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் ஊற்றி அதில் இறக்கி, அவ்வப்போது திறந்து ஓரத்தைச் சுரண்டிக் கிளறினால் மின்சாரமே இல்லாமல் உறையும். தூக்கின் வாய் உப்புத் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். அந்த ஐஸ் மீனுக்குப் போட்டது, வெளியே மட்டும்தான். ஒரு துண்டு கூட டம்ளருக்குள் போகக் கூடாது.

குடந்தை சமையல்கட்டு எழுதியது:

பழத்துக்கு நான் சொல்கிறேன். ஸ்ட்ராபெர்ரியைத் தேடி அலைய வேண்டாம். தர்பூசணியைத் துண்டு போட்டு, விதை எடுத்து, உறைய வைத்துக்கொள்ளுங்கள். ரோஸேயோடு அடித்தால் ஐஸ் சேர்த்த குளிர்ச்சியும் கிடைக்கும், நிறமும் ஏறும். ஒரு பாட்டிலுக்கு 250 கிராம் போதும், அதற்கு மேல் போனால் தண்ணீராகும்.

இன்னொன்று கம்பம் பன்னீர் திராட்சை. நல்ல ரோஜா வாசனை உள்ள திராட்சை, ரோஸேயின் வாசனை குறைந்தால் இது தூக்கிவிடும். கொதிக்கும் சர்க்கரைப் பாகில் இரண்டு கைப்பிடி போட்டு, தோல் வெடித்ததும் இறக்கி, மசித்து வடிகட்டி, அந்தப் பாகையே சேருங்கள். நிறத்தைப் பார்த்து உங்கள் பாரீஸ் பெண் கேட்கத்தான் போகிறாள்.

மாம்பழம் போட ஆசையிருந்தால் ரோஸேயை விட்டுவிட்டு வெள்ளை ஒயின் எடுங்கள். பங்கனப்பள்ளி நாரில்லாமல் வழுவழுப்பாக வரும். எங்கள் பக்கத்துப் பாதிரி கிடைத்தால் எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாம்பழச் சதை கெட்டியாக இருப்பதால் ஐஸ் நரநரவென்று வராது. மேலே பிஞ்சு நுங்கை நறுக்கிப் போட்டுக் கொடுங்கள், இதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள்.

மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் அதே பன்னீர் திராட்சைப் பாகு, அதே எலுமிச்சை, ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாறு. ஆல்கஹால் இல்லாததால் இது கல்லாக உறையும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃபோர்க்கால் கீறிவிட்டால் பொடியாகவே நிற்கும், மிக்சி கூட வேண்டாம்.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். இரண்டும் ஒரே நிறம். பார்ப்பதற்கு ரோஸ் மில்க் ஐஸ் மாதிரி இருப்பதால் எந்தப் பிள்ளையும் ஃப்ரீசரைத் திறந்து ஒரு ஸ்பூன் எடுத்துவிடும். ஒயின் டப்பாவில் பெரிதாக எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கானதை வேறு வடிவ டப்பாவில், வேறு தட்டில் வையுங்கள். முடிந்தால் அன்றைக்கு ஃப்ரிட்ஜைப் பூட்டிவிடுங்கள். நான் இருந்தால் பிள்ளைகளுக்கு மாம்பழம், பெரியவர்களுக்கு ரோஸே என்று நிறத்தையே பிரித்துவிடுவேன்.

மாயவரத்துக்காரன் எழுதியது:

நல்ல தகவல்கள். காரைக்கால் இங்கிருந்து பக்கம்தான். அங்கே போய் ஒரு ரோஸே பாட்டில் வாங்கி வந்துவிடலாமா? இங்கே சாதாரண டாஸ்மாக் கடையில் ரோஸே கண்ணில் படவில்லை.

நாகை ஐஸ் எழுதியது:

வேண்டாம் தம்பி. புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். எங்கள் ஊருக்கும் அதே கதைதான். தஞ்சாவூர், திருச்சி பக்கம் போகும்போது டாஸ்மாக் எலைட் கடையில் கேளுங்கள், அங்கே ஒயின் வகைகள் கூடுதலாக இருக்கும். 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

அரசலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உப்பு ஐஸ் பக்கெட்டை மாடியிலேயே வைத்து எல்லோர் கண் முன்னாலும் செய்யப் போகிறேன், மாமாவுக்கு ரொம்பப் பிடிக்கும். நிற பேதத்துக்குப் பிள்ளைகளுக்கு மாம்பழம் என்றே முடிவு செய்துவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். ஒரு பாட்டில் எத்தனை பேருக்கு வரும்? மிச்சமானால் எத்தனை நாள் வைக்கலாம்? உறைந்துவிட்டால் போதை இருக்காது என்று அண்ணி சொல்கிறார், சரியா?

நாகை ஐஸ் எழுதியது:

அது சரியில்லை அக்கா. உறைந்தாலும் பாட்டிலில் இருந்த ஆல்கஹால் அத்தனையும் அதில்தான் இருக்கிறது. குளிரில் நெடி தெரியாது, இனிப்பு மறைத்துவிடும், அதனால் சாதாரண ஒயினை விட வேகமாக உள்ளே போகும். ஒரு பாட்டிலை ஆறு சின்ன டம்ளராகப் பிரியுங்கள். வெயில் சாய்ந்தபிறகு, வயிற்றுக்கு ஏதாவது போட்டபிறகு கொடுங்கள், பக்கத்தில் பானைத் தண்ணீர் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். அண்ணியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். குடித்தவர் யாரும் அன்று வண்டி எடுக்கக் கூடாது.

மிச்சமானதைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஒரு வாரம் வைக்கலாம். மீன், பிரியாணி வாடை உள்ள தட்டில் வைத்தால் இழுத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போய் முழுக்க உருகிவிட்டால் பழம் மேலேயும் ஒயின் கீழேயும் பிரிந்து நிற்கும். தர்பூசணி சேர்த்ததாக இருந்தால் அதை மறுபடி உறைய வைக்காமல் கொட்டிவிடுங்கள். பழம் சேர்க்காத வெறும் ஒயின் என்றால் கிளறி மறுபடி வைக்கலாம். அதனால் ஒயினைத் தனியாக உறைய வைத்துக்கொண்டு, பழத்தை அடிக்கும்போது மட்டும் சேருங்கள்.

பார் ஐஸ் வாங்கப் போகும்போது காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் உடைந்த துண்டுதான் மிஞ்சும், வீட்டுக்கு வருவதற்குள் பாதி தண்ணீராகிவிடும்.