கமடோர் 64-ல கலர் பார் 8 லைனுக்கு ஒரு தடவை உடையுது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே. பால் (PAL, ஐரோப்பா டிவி முறை) மாடல் கமடோர் 64-ல, அதாவது அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல, அசெம்பிளில ஒரு கலர் பார் (ஸ்கிரீன்ல குறுக்கா ஓடுற கலர் பட்டை) எழுதிட்டு இருக்கேன், ஸ்கிரீன்ல ஒரு லைனுக்கு 63 சைக்கிள் (சிபியூவோட கடிகாரத் துடிப்பு)னு எண்ணி எண்ணி நடுவுல நாப் (ஒண்ணும் செய்யாத கட்டளை) போட்டு நிரப்பி வச்சேன், ஆனா கரெக்டா 8 லைனுக்கு ஒரு தடவை கலர் வலது பக்கம் தள்ளிப் போய் விழுது.

பேட்லைன்தான் காரணம்னு புரியுது. அந்த லைன்ல, ஸ்கிரீன வரையுற விக்-2 சிப் ஒரு வரிக்கான 40 எழுத்தையும் மெமரில இருந்து அதுவே எடுக்குது, அதுவரைக்கும் சிபியூ கையக் கட்டிட்டு நிக்கணும், நமக்கு மிஞ்சுறது 20-23 சைக்கிள்தான். ஒரு ஃப்ரேமுக்கு 25 தடவை இந்தக் கூத்து. (பேசிக்ல போக் 53265,11 அடிச்சு, அதாவது விக்-2-ஓட கண்ட்ரோல் ரெஜிஸ்டர்ல 11-ன்னு எழுதி, ஸ்கிரீன ஆஃப் பண்ணா பேசிக் லூப் கூட லேசா வேகமாகுது, முயற்சி பண்ணிப் பாருங்க!)

ஆனா எனக்கு எழுத்தும் வேணும் பாரும் வேணும். பேட்லைனுக்குன்னு தனி கோடு எழுதி லூப்ப பிரிச்சுப் போடுறதா, இல்ல 53265-ஓட கடைசி 3 பிட்ட லைனுக்கு லைன் மாத்தி பேட்லைன தள்ளிப்போடுறதா? ரெண்டாவது வழில எழுத்து மொத்தமா கீழ இறங்கிடுது. இதுல ஸ்ப்ரைட் (ஸ்கிரீன் மேல தனியா நகர்ற குட்டிப் படம்) வேற, ஒண்ண ஆன் பண்ணாலே அது வர்ற லைன்ல 5 சைக்கிள் வரைக்கும் தின்னுடுது, கணக்கு மறுபடி மொதல்ல இருந்து. பண்ணிப் பார்த்தவங்க எப்படி சமாளிச்சீங்க?