கோல்ட் ஃப்ரண்ட் (குளிர்காற்று முகப்பு) போன மறுநாள் ஆற்றில் வால்ஐ மீன் தூண்டிலைக் கடிக்குமா?

புதுப்படகு: ஏப்ரல் நடுவில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு, மினசோட்டாவின் ரெட் விங் ஊர்ப் பக்கம், 3-ஆம் எண் அணைக்குக் கீழே. ராத்திரி ஃப்ரண்ட் கடக்கும். காலையில் மேகமே இருக்காது, வடமேற்குக் காற்று. படகை இறக்கலாமா?

கரைவாசி: வேண்டாம். காற்றழுத்தம் ஏறினால் வால்ஐ வாயைத் திறக்காது. அதன் காற்றுப்பை (உடம்புக்குள் மிதக்க உதவும் பை) தொண்டையோடு குழாய் இணைப்பில்லாத மூடிய வகை, சட்டென்று சரிசெய்துகொள்ள முடியாது. இரண்டு நாள் பொறுங்க.

நீரோட்டம்: கரைவாசி அண்ணா, கணக்குப் போட்டுப் பாருங்க. ஃப்ரண்டுக்குப் பின் அழுத்தம் 20 மில்லிபார் ஏறினாலும் அது சுமார் 20 செ.மீ. தண்ணீரின் அழுத்தம்தான். மீன் ஒரு சாண் மேலே வந்தால் தீர்ந்தது. சிக்கல் வெப்பநிலையில் இருக்கு. முட்டையிடும் காலத்தில் தண்ணீர் 6–10 டிகிரி செல்சியஸ். ஆழமில்லாத இடம் ராத்திரியிலேயே குளிர்ந்துவிடும். மீன் அங்கிருந்து இறங்கி, வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் உரசும் கோட்டுக்கு உட்புறம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நேற்றுப் பிடித்த இடத்திலேயே இன்றும் வீசுகிறவருக்குத்தான் "மீன் இல்லை".

கரைவாசி: காரணம் எதுவோ போகட்டும், கடி குறைவதை மறுக்க முடியுமா? வெயிலும் சேர்ந்துகொள்ளும். அதன் கண் மங்கல் வெளிச்சத்துக்கு ஆனது.

நீரோட்டம்: தெளிந்த ஏரியில் சரி. ஏப்ரலில் அந்த ஆறு கலங்கல். வெயில் எவ்வளவு ஆழம் இறங்கிவிடும்? கடி குறையும்தான், நின்றுபோகாது. ஓட்டத்தில் இருக்கிற மீன் தின்றே ஆகணும்.

புதுப்படகு, இப்படிச் செய்ங்க. 15–20 அடி ஆழம், மிதமான ஓட்டம் என்றால் கால் அவுன்ஸ் ஜிக் (தலையில் ஈயம் வார்த்த தூண்டில் முள்). தரை தட்டுவது கையில் தெரியாவிட்டால் மட்டும் எட்டில் மூன்று பங்கு அவுன்ஸ் (3/8). ஃபேட்ஹெட் மின்னோ என்கிற சிறு இரைமீனை வாய் வழியாகக் குத்தி தலை உச்சியில் எடுங்க. படகு முனை ஓட்டத்துக்கு எதிரே, எலக்ட்ரிக் மோட்டாரால் பிடித்து, தண்ணீரின் வேகத்துக்கே படகை நழுவ விடணும். வடமேற்குக் காற்று அங்கே பெரும்பாலும் படகைக் கீழ்நோக்கித் தள்ளும், லைன் சாயும். சாய்ந்த லைனில் கடி தெரியாது, கல்லிலும் மாட்டும். நேராக நின்றதும் இரண்டு அங்குலம் தூக்கி, லைன் தொய்யாமல் இறக்கி, ஐந்து விநாடி சும்மா விடுங்க. பெரும்பாலும் கடி அந்தச் சும்மா நேரத்தில்தான்.

புதுப்படகு: வாலை மட்டும் கடித்துப் போனால்?

கரைவாசி: ஸ்டிங்கர் ஹூக் (ஜிக்கின் பின்னால் தொங்கும் கூடுதல் மும்முனை முள்) கட்டுங்க, மூன்று அங்குல லைனில். ஒரு முனையை மட்டும் வால் பக்கம் லேசாகக் குத்தணும். அழுத்திக் குத்தினால் மின்னோ விறைத்து நிற்கும். ஆனா காற்றில் நழுவல் என்பது வித்தை காட்டுவது. நான் சொல்வது நங்கூரம்: அந்த உரசும் கோட்டுக்கு மேலே, ஓட்டம் வரும் பக்கம் நிறுத்தி, எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ் ஜிக்கை மந்த ஓட்டத்தில் வீசி இழுங்க. கயிறு முன்முனையில் மட்டும். பின்முனையில் கட்டினால் ஏப்ரல் ஓட்டம் படகுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். மீன் கிடைக்கலைன்னா அணைக்குக் கீழே ஆழக் குழியில் இறக்குங்க.

நீரோட்டம்: நங்கூரம் ஒப்புக்கொள்கிறேன், குழி வேண்டாம். நீங்களே சொன்ன மூடிய காற்றுப்பை அங்கேதான் வேலையைக் காட்டும்: 30 அடிக்குக் கீழேயிருந்து இழுத்த மீன் வயிறு உப்பி மிதக்கும், திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அளவு குறைந்ததை விடணும் என்கிற ஆற்றில் அந்த ஆழத்தில் தூண்டில் போடுவது சரியில்லை.