72 மணி நேர கேம் ஜாம்: தத்துவக் கேள்வியை வைத்து விஷுவல் நாவல் செய்வது எப்படி?

நாற்றங்கால் (கும்பகோணம்)

வணக்கம். மூன்று பேர் சேர்ந்து ஒரு கேம் ஜாமுக்கு (குறித்த நேரத்துக்குள் கேம் செய்து முடிக்கும் நிகழ்வு) தமிழில் விஷுவல் நாவல் (படமும் வசனமுமாக ஓடி, இடையிடையே ஆடுபவரைத் தேர்வு செய்யச் சொல்லும் கதை) செய்கிறோம். விஷுவல் நாவல் செய்யும் மென்பொருளான ரென்பை 8இல்தான் வேலை. கதாநாயகர் வாய்க்கால் மதகின் ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் (பாசனப் பணியாளர்). முறைப்பாசனம் (முறை வைத்துத் தண்ணீர் விடுவது) நடக்கும் நேரம். இரவில் தலைமடைக்காரர்கள் (வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ளவர்கள்) வந்து இன்னும் ஆறு மணி நேரம் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். விட்டால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையின் முறை போய்விடும். கண்ணில் படாதவரின் தேவைக்கு எடை குறைவா என்பதுதான் நாங்கள் கேட்க நினைப்பது. இப்போது இருக்கும் வரைவில் பாத்திரங்கள் பிரசங்கம் செய்கிறார்கள். மூன்று தேர்வுகள், எட்டு முடிவுகள் என்று போட்டிருக்கிறோம். இது நேரத்துக்குள் முடியுமா? தமிழ் எழுத்து ஒழுங்காக வருமா?

வெண்ணாற்றுக்காரர்

எட்டு முடிவு வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள். மூன்று இடத்தில் இரண்டிரண்டாகப் பிரிந்து எங்கும் சேராவிட்டால் 1+2+4+8, மொத்தம் 15 காட்சி. காட்சிக்கு 400 சொல் என்றால் 6,000 சொல் எழுத வேண்டும். ஆடுபவர் படிப்பது 1,600தான். டெல்டா ஆறு மாதிரிப் பிரிந்துகொண்டே போனால் கடைசிக் கிளைக்கு உங்கள் எழுத்து போய்ச் சேராது.

பிரித்த உடனே சேருங்கள். தொடக்கம் 400 சொல். ஒவ்வொரு தேர்வுக்கும் 150 சொல்லில் இரண்டு சிறு பதில்கள், அதன்பின் எல்லாருக்கும் பொதுவான 400 சொல் காட்சி. கடைசியில் 300 சொல்லில் இரண்டு முடிவுகள். எழுதுவது 3,100, படிப்பது 2,350. எடுத்த முடிவை ஒரு மாறியில் (நிரல் ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் இடம்) வைத்துக்கொண்டு, பொதுக் காட்சியில் இரண்டு மூன்று வரிகளை மட்டும் மாற்றினால் போதும். விளைவு உடனே வராமல் இரண்டு காட்சி தள்ளி வந்தால்தான் உறைக்கும்.

இனி பிரசங்கம். கேள்வியை யாரும் வாயால் கேட்கக் கூடாது, நிலைமை கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் உண்மையான இழப்பு இருந்தால் அது தானாக நடக்கும். தலைமடையில் முன்னதாக நட்ட குறுவை நெல் பொதிப்பருவத்தில் (கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் இருக்கும் பருவம்) நிற்கட்டும்; அப்போது காய்ந்தால் கதிர் பதராகும். கடைமடையில் நாற்று 25 நாளைத் தாண்டி நாற்றங்காலிலேயே முதிரட்டும்; குறுகிய கால ரகத்தில் முதிர்ந்த நாற்றை நட்டால் தூர் (அடியில் வெடிக்கும் பக்கக் கிளைகள்) குறையும், விளைச்சலும் குறையும். தலைமடைக்காரருக்கு பம்புசெட் இருக்கிறது, டீசலுக்குப் பணமில்லை. கடலோரக் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு, போர் போட்டும் பயனில்லை. இவ்வளவும் வசனத்தில் விவரமாக வந்துவிட்டால் தத்துவத்தைத் தனியாகச் சொல்லத் தேவையே இருக்காது.

உங்கள் கேள்விக்கு இன்னொன்று முக்கியம்: கடைமடையை ஒரு காட்சியில்கூடக் காட்டாதீர்கள். தலைமடைக்காரர்கள் முகத்தோடு, பெயரோடு, டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்கட்டும். கடைமடை ஒரு போன் அழைப்பாக, அதுவும் பாதியில் அறுந்துபோகும் அழைப்பாக மட்டும் இருக்கட்டும். "நேர்மை +1" போன்ற மதிப்பெண் எதையும் திரையில் காட்ட வேண்டாம். காட்டினால் ஆடுபவர் லாப நட்டம் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

கதை தெரியாத ஐந்து பேரிடம் ஆடக் கொடுங்கள். நான்கு பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தத் தேர்வு செத்துவிட்டது என்று அர்த்தம். மறுபக்கத்தின் இழப்பைக் கூட்டுங்கள்.

அரசலாறு

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. நான் தொழில்நுட்பம் மட்டும் சொல்கிறேன்.

ரென்பையின் இயல்பு எழுத்துருவில் தமிழ் கிடையாது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவை கேம் கோப்புறையில் போட்டு, திரைத் தோற்றத்துக்கான ஜியூஐ கோப்பில் உரையாடல், பெயர், மெனு மூன்றுக்கும் தனித்தனியே மாற்றுங்கள். உரையாடலுக்கு மட்டும் மாற்றிவிட்டு மெனுவை மறப்பதுதான் வழக்கமாக நடப்பது. ரென்பையின் ஆகப் புதிய பதிப்பையே எடுங்கள். பழைய 7.4 போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி, "கொ" பிய்ந்து நிற்கும். உரை வேகத்தை 0 என்றே விடுங்கள், வரி முழுதாக வரும்.

படங்களுக்கு போன் கேமரா போதும். 1920×1080க்கு வெட்டும்போது உரைப்பெட்டி அடியில் 278 பிக்சலை மறைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஷட்டரின் திருகுக்கம்பி, கிரீஸ் படிந்த சக்கரம், சுவரில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் எல்லாம் அதற்கு மேலே வரட்டும். வெப்பி வடிவில் சேமித்தால் எடை குறையும்.

உள்தள்ளலுக்கு டேப் கூடாது, நான்கு இடைவெளிதான். மாறிகளை "டிஃபால்ட்" கூற்றால் அறிவியுங்கள். இல்லாவிட்டால் சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போது தகராறு செய்யும். ரென்பையின் தொடக்கத் திரையான லாஞ்சரில் உள்ள லின்ட் என்ற பிழைச் சோதனை மொத்தச் சொல் எண்ணிக்கையையும் காட்டும், அதை அந்த 3,100 கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நாற்றங்கால்

மிக்க நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் தேர்வுக்கே திரும்பிப் போய் மாற்றிவிடலாம் போலிருக்கிறதே? ரோல்பேக்கையே அணைத்துவிடலாமா?

அரசலாறு

அணைக்காதீர்கள். தவறவிட்ட வரியைத் திரும்பப் படிக்க அது வேண்டும். ஒவ்வொரு மெனுவுக்குப் பின்னும் ரென்பை.ஃபிக்ஸ்_ரோல்பேக் அழைப்பைப் போடுங்கள். பின்னால் போய்ப் படிக்கலாம், எடுத்த முடிவை மாற்ற முடியாது. "பிளாக்" வகையைப் போட்டால் படிக்கவும் விடாது.

கேம்களை வெளியிடும் தளமான இட்ச்.ஐஓவில் உலாவியில் ஆடும்படி ஏற்றுவதென்றால் முதல் 24 மணி நேரத்துக்குள் ஒரு வெற்றுப் பதிப்பையாவது வெப் பில்டு செய்து ஏற்றிப் பாருங்கள். ஜிப்பை விரித்தால் 1,000 கோப்புக்கும் 500 எம்பிக்கும் மேல் போகக் கூடாது. கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தால் விண்டோஸில் ஓடும், வேறிடத்தில் படம் வராது. அதனால் எல்லாப் பெயரும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

வெண்ணாற்றுக்காரர்

40ஆம் மணியோடு புது எழுத்தை நிறுத்திவிடுங்கள். மிச்சம் இருப்பது ஆடிப் பார்க்கவும் வெட்டவும். ஒலிக்கு நேரம் இருந்தால் இசை தேட வேண்டாம். ஷட்டர் அடியில் தண்ணீர் பாயும் சத்தத்தை இரவில் போனில் இரண்டு நிமிடம் பதிந்து ஓக் வடிவில் சுழலவிடுங்கள். ஷட்டரை மூடும் தேர்வில் அதை மெல்லக் குறைத்து நிறுத்தினால் அந்த இடத்துக்கு வசனமே வேண்டாம்.