மூன்று நிமிடத்தில் கண்மாய் ஆய்வை எப்படிச் சொல்வது?

கொட்டாம்பட்டிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் புவியியலில் பிஎச்.டி. செய்கிறேன். அடுத்த வாரம் வளாகத்தில் ஆய்வு மாணவர்களுக்கு மூன்று நிமிடப் போட்டி. ஒரே ஸ்லைடு, அதில் எதுவும் அசையக் கூடாது, கையில் பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது, நேரம் தாண்டினால் வெளியே. நடுவர்கள் தமிழ்த்துறை, வேதியியல், வணிகவியல். தமிழிலும் பேசலாம் என்கிறார்கள்.

என் ஆய்வு கொட்டாம்பட்டி பக்கத்து மானாவாரிக் கண்மாய்கள், அதாவது மழையை நம்பிய ஏரிகள். மேல் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். எதில் எந்த மாதம் எவ்வளவு பரப்புக்குத் தண்ணீர் நிற்கிறது என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கெடுத்தேன். படத்தில் காய்ந்து கிடந்த ஒரு கண்மாய்க்கு நேரில் போனால் முழங்கால் தண்ணீர்! தண்ணீர் நிற்கிற உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். இலையும் கொப்பும் மூடிக்கொண்டதால் அடியில் நிற்கிற தண்ணீர் மேலே இருந்து தெரியவில்லை. அதற்குப் பிறகு ரேடார் படங்களையும் சேர்த்தேன். ரேடாருக்கு மேகம் தடையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகுகிற நேரத்தில்தானே வானம் மூடிக்கிடக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் ஐந்து நிமிடம் ஆகிறது. செய்முறையை விட்டால் ஆழமில்லை என்று நினைப்பார்கள் என்கிறார் என் கைடு. எதை வெட்டுவது? ஸ்லைடில் என்ன வைப்பது?

நாகமலைவாசி:
அம்மாடி, நான் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். இந்த மாதிரிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் முதல் ஒரு நிமிடத்தை "தண்ணீரின் முக்கியத்துவம்" மாதிரி ஒன்றில் தொலைத்துவிடுகிறார்கள். மதுரையில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நீ முழங்கால் தண்ணீரில் ஆரம்பி. "படம் காய்ந்தது என்றது, நான் தண்ணீரில் நின்றேன்." நடுவர் மூன்று பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்தப் போட்டி முறை எங்கே பிறந்தது தெரியுமா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், 2008-ல். அப்போது அங்கே கடும் வறட்சி. குளிக்கிற நேரத்தைக் குறைக்க, முட்டை வேகவைக்கப் பயன்படுத்தும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தைக் குளியலறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஆய்வையும் மூன்று நிமிடத்தில் சொன்னால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 80,000 சொல் ஆய்வேட்டை வாய்விட்டுப் படித்தால் 9 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. தண்ணீர்ப் பஞ்சத்தில் பிறந்த போட்டியில் நீ கண்மாயைப் பற்றிப் பேசப் போகிறாய். எனக்கு அது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

உன் கைடு சொல்வதைத் தள்ளாதே. ஆய்வைச் சப்பையாக்கினாலும் மதிப்பெண் குறையும். ஆனால் செய்முறைக்கு இரண்டு வாக்கியம் போதும்: சாதாரணப் படம் இலையோடு நின்றுவிடுகிறது, ரேடார் அலை இலையைக் கொஞ்சம் தாண்டி, தண்ணீரிலும் மரத்தண்டிலும் பட்டுத் திரும்புகிறது. "கொஞ்சம்" என்பதை விட்டுவிடாதே. மரம் நெருங்கி அடர்ந்த இடத்தில் அதுவும் தடுமாறும், வேதியியல்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். குறியீட்டின் பெயர், சூத்திரம், மென்பொருள் எதுவும் வேண்டாம்.

ஸ்லைடில் இடப்பக்கம் செயற்கைக்கோள் படம், வலப்பக்கம் அதே கண்மாயைக் கரையில் நின்று எடுத்த போட்டோ. எடுத்த தேதியைப் போடு. கல்லூரி முத்திரை மூலையில் சின்னதாக இருக்கட்டும். எழுதிவைத்துப் பேசுவதானால் முந்நூறு சொல்லைத் தாண்டாதே, தமிழில் சொற்கள் நீளம்.

மல்லித்தோட்டம்:
அக்கா, நான் மல்லி மொட்டுப்புழு பற்றிப் போன வருஷம் பேசினேன். எங்கள் கல்லூரியில் கடைசியில் ஒரு கேள்வியும் உண்டு. மருந்துச் செலவை யார் தாங்குவது என்று வணிகவியல் மேடம் கேட்டார். உங்களிடம் "இந்தக் கணக்கை யாரிடம் கொடுப்பீர்கள்" என்று நிச்சயம் கேட்பார்கள். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கு. உங்கள் கண்மாய்கள் எதில் வருகின்றன என்று கையில் வைத்திருங்கள்.

கலுங்கடி:
தங்கச்சி, நாங்கள் மேலூர்ப் பக்கம் வயல் வைத்திருக்கிறவர்கள். முழங்கால் தண்ணீர் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் வயலுக்கு வராது. மாடு குடிக்கும், பக்கத்துக் கிணறு ஊறும், அவ்வளவுதான். எங்கள் கண்மாயில் வண்டல் மேடு ஒருபுறம், கரம்பை அள்ளிய பள்ளம் ஒருபுறம். மேடையில் "இவ்வளவு தண்ணீரை எண்ணாமல் விட்டோம்" என்று நீங்கள் சொன்னால், அது பாய்ச்சலுக்கு ஆகிற தண்ணீர் என்றுதான் கேட்கிறவர் நினைப்பார். அது நியாயமில்லை. கருவேலம் நிற்கிற கண்மாயில் உழவனுக்கு வேண்டிய விவரம், மடைக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதுதான்.

கொட்டாம்பட்டிக்காரி:
அண்ணே, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மடை மட்டங்களை லெவல் கருவி வைத்து எடுத்திருக்கிறேன். ஆய்வேட்டில் தனி இயலாகவே இருக்கிறது, நேரம் இல்லையென்று பேச்சில் சேர்க்காமல் வைத்திருந்தேன். அதைக் கடைசி நிமிடத்துக்குக் கொண்டுவருகிறேன்: மறைந்த தண்ணீரில் மடைக்கு மேலே நிற்பது எது, கீழே கிடப்பது எது. போட்டோவில் மடைத்தூண் தெரிகிற மாதிரி ஒன்று இருக்கிறது, அதையே வைக்கிறேன்.

சார், உங்கள் முதல் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தம்பி, நான் எடுத்த கண்மாய்களில் பெரும்பாலானவை ஒன்றியத்துக்குக் கீழே வருகிறவை. திருத்திய பேச்சை நாளை இரவு இங்கே போடுகிறேன். கலுங்கடி அண்ணன் படித்துவிட்டு, மடை விஷயம் பிசகாமல் வந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.