மலைப்பாதையில் ஓட்டப் பயமா? கரையோரத்துக்காரர்களுக்கான அனுபவப் பகிர்வு

தேவிபட்டினம்:

குடும்பத்தோடு கொடைக்கானல் போக ஆசை, ஆனால் மலையில் ஓட்டப் பயம் என்று சொல்பவர்கள் நம் ராமநாதபுரம் பக்கம் நிறைய. அவர்களுக்காக அவரவர் ஊர்ப் பெயரோடு ஆளுக்குக் கொஞ்சம் சொல்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை தரை தட்டையாகக் கிடக்கிறது. நமக்குத் தெரிந்த பெரிய ஏற்றமே பாம்பன் பாலம்தான், அதையும் கியர் மாற்றாமலே ஏறி இறங்கிவிடலாம். அதனால் பல வருஷம் ஓட்டியவருக்கும் மூன்று வேலை கைவராமலே போய்விடுகிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னால் உருளாமல் எடுப்பது, வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைப்பது, இறக்கத்தில் இன்ஜினை வைத்தே வேகத்தைப் பிடிப்பது. பள்ளத்தைப் பார்த்துப் பயம் என்று சொல்வோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் "நடு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வேன்" என்கிற கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முதல் வேலையை ஊரிலேயே பழகலாம். கண்மாய்க்கரை மேல் ஏறும் அகலமான பாதை, ஆள் நடமாட்டம் இல்லாத காலை நேரம் போதும். பாம்பன் பாலத்தில் நிறுத்திப் பழகவே கூடாது, பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஒதுங்க இடமிருக்காது.

பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுங்கள். பின்சக்கரத்துக்கு அரை அடி பின்னால் ஒரு காலி தண்ணீர் பாட்டிலைப் படுக்க வையுங்கள். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரை 1,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை இன்ஜின் சுற்று) வரை கொடுத்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை மெல்ல விடும்போது ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், பானெட் லேசாகத் தூக்கும். கிளட்சை அங்கேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, வண்டி நகர்ந்த பிறகு மிச்சக் கிளட்சை விடுங்கள். பாட்டில் நசுங்கினால் ஹேண்ட் பிரேக்கைச் சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள். இன்ஜின் அணைந்தால் கிளட்சை வேகமாக விட்டுவிட்டீர்கள். அணைந்தாலும் பதற வேண்டாம், கால் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மறுபடி முதலிலிருந்து. தொடர்ந்து பத்து தடவை பாட்டில் நசுங்காமல் எடுத்தால் போதும். குடும்பத்தார் ஏறி உட்கார்ந்ததும் இன்னொரு சுற்று பாருங்கள், ஆறு பேர் பாரத்தில் ஆக்சிலேட்டர் கூடுதலாகக் கேட்கும்.

பரமக்குடி ஒர்க்‌ஷாப்:

தேவிபட்டினத்து அண்ணன் சொன்ன பழக்கத்துக்கு ஹேண்ட் பிரேக் முதலில் பிடிக்க வேண்டுமே! கரையோர வண்டிகளில் முதலில் கெடுவது அதுதான். உப்புக்காற்றில் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். தட்டையான ஊரில் யாரும் அதை இழுப்பதில்லை, கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம், அதனால் கெட்டது தெரிவதே இல்லை. லீவரை இழுக்கும்போது கிளிக் சத்தத்தை எண்ணுங்கள். நிறைய வண்டிகளில் ஐந்திலிருந்து எட்டுக்குள் இறுகிவிட வேண்டும். பத்தைத் தாண்டினால் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், அல்லது பிரேக் லைனிங் தேய்ந்திருக்கும். லீவரை இறக்கிய பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டு நின்றால் கேபிளை மாற்றிவிடுங்கள்.

அடுத்து முன் டிஸ்க் காலிப்பர், அதாவது பிரேக் பேட்டுகளை டிஸ்க் தட்டின்மேல் அழுத்தும் பாகம். அது நகர்கிற ஸ்லைடர் கம்பி (பின்) துருவேறி இறுகினால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும், மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சக்கரத்தைக் கழற்றி உள் பேட், வெளிப் பேட் இரண்டின் கனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்ட பேட்டோடு மலை ஏற வேண்டாம்.

பிரேக் ஆயிலைப் பற்றி நான் வற்புறுத்தியே சொல்வேன். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 (DOT 3) வகை ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இறக்கத்தில் விடாமல் மிதிக்கும்போது சூடு அந்த அளவை எட்டினால் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ரெண்டு வருஷம் ஆன ஆயிலை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள், நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு அதைத் தள்ளிப்போடுவது சரியில்லை. வண்டிப் புத்தகத்தில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதுவே ஊற்ற வேண்டும்.

டயர் காற்று, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் முழுப்பார அளவுக்கு, குளிர்ந்த டயரில். மலைக்கென்று குறைக்க வேண்டாம். ஒரு மர முட்டுக்கட்டை டிக்கியில் கட்டாயம் இருக்கட்டும்.

தொண்டி:

ஏற்றத்தைப் பற்றி. கொண்டை ஊசி வளைவில் பயம் வருவதற்கு முக்கியக் காரணம், வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றத் தேடுவது. கை ஸ்டியரிங்கை விடும், வேகம் செத்துவிடும், வண்டி திணறும். வளைவுக்கு 20, 30 மீட்டர் முன்னாலேயே இரண்டாவது கியர், செங்குத்தாக இருந்தால் முதல் கியர். அந்த நேரத்தில் தலையைத் தூக்கி மேல் ரோட்டைப் பாருங்கள். பஸ் இறங்கி வருவது பல வளைவுகளில் கீழிருந்தே தெரியும். தெரிந்தால் வளைவுக்கு வெளியே, இடது ஓரமாக நின்றுவிடுங்கள். பஸ்ஸுக்குத் திரும்ப முழு வளைவும் வேண்டும்.

இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் ஏறும்போது கஷ்டமானது. உள் ஓரம் நமக்கு வரும், அங்கே சரிவு மிக அதிகம். மிகவும் ஓரத்தை ஒட்டாமல் நம் பாதியின் நடுவில் போனால் சரிவு குறையும். வலப்பக்கம் திரும்புவது எளிது, ஆனால் மேலிருந்து வருகிறவர் குறுக்கே வெட்டுவார் என்று எதிர்பார்த்தே போக வேண்டும், ஹாரன் அவசியம்.

குறுகிய இடத்தில் இரண்டு வண்டி நேருக்கு நேர் வந்தால் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. முன்னால் போகும் லாரிக்குப் பின்னால் இரண்டு வண்டி நீளம் விடுங்கள், அது எடுக்கும்போது பின்னால் உருளலாம். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி இழுக்காதது போலத் தோன்றுவது அதனால்தான். ஏசியை அணைத்து ஒரு கியர் குறைத்தால் சரியாகிவிடும்.

உச்சிப்புளி:

எங்கள் வண்டி ஏஎம்டி, கியரும் கிளட்சும் தானாக மாறும் வகை. கிளட்ச் பெடலே இல்லையே, ஏற்றத்தில் நிறுத்தினால் என்ன செய்வது, கீழக்கரை காக்கா (அண்ணன்)?

கீழக்கரை:

ஏஎம்டிக்குள்ளேயும் கிளட்ச் இருக்கிறது தம்பி, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அந்த வண்டியும் பின்னால் உருளும். ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் பிரேக்கைத் தானே பிடித்துவைக்கும் வசதி) உள்ள வண்டி இரண்டு விநாடி போலப் பிடிக்கும், அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக் முறையே உங்களுக்கும். ஆக்சிலேட்டராலேயே ஏற்றத்தில் நிறுத்திப் பிடிக்காதீர்கள், கிளட்ச் கருகும். வளைவுக்கு முன் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நடு வளைவில் அதுவாகக் கியர் மாறித் தயங்கும்.

இப்போது இறக்கம். ஏறியதை விட இதில்தான் கவனம் வேண்டும், ஆனால் ஊரில் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள். எந்தக் கியரில் அந்த ஏற்றத்தை ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், டேக்கோமீட்டர் (ஆர்.பி.எம். காட்டும் முள்) 3,000-ஐத் தாண்டினாலும் பயப்பட வேண்டாம், சத்தம்தான் வரும். அதையும் மீறி வேகம் கூடினால் பிரேக்கை ஒருமுறை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் ஆபத்து, பேட்டுக்கு ஆற நேரமே கிடைக்காது.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்பவர்களை நம்பாதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் இக்காலத்து இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை ஓடவைக்க எண்ணெய் செலவாகும்.

கருகின வாடை வந்தால், பெடல் ஆழமாகப் போனால், அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். முதல் கியர் அல்லது ரிவர்ஸில் போட்டு முட்டுக்கட்டை வைத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் கோணிவிடும்.

ராமேஸ்வரம்:

வண்டிக்குள் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டுபவரின் பயத்தைக் கூட்டுவது பின்சீட்டிலிருந்து வரும் "ஐயோ, பாத்து, பாத்து!". கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்: அபாயம் என்றால் "நிறுத்து" என்று ஒரே வார்த்தை, வேறெதுவும் வேண்டாம். உயரத்துக்குப் பயப்படும் பெரியவரை மலைச்சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள். ஏறும்போது பள்ளம் இடப்பக்கம் இருந்த இடங்களில் இறங்கும்போது அது வலப்பக்கம் வரும், அதனால் திரும்பும்போது இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு போனைக் கொடுக்காதீர்கள், தூரத்து ரோட்டைப் பார்க்கட்டும். மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டு, மலை ஏறுவதற்கு முன்கூட்டியே. வாந்தி மாத்திரை பெரும்பாலும் தூக்கம் வரவைக்கும், ஓட்டுபவர் தொடவே கூடாது.

ஓட்டுபவருக்கு: பார்வை போகும் திசையில்தான் கை திருப்பும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் அங்கே சாயும். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது கடலைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறோமே, அதே கண் இங்கேயும் வேண்டும். உள்ளங்கை வியர்த்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். பின்னால் வரிசை சேர்ந்தால் அகலமான இடத்தில் இண்டிகேட்டர் போட்டு எல்லோரையும் விட்டுவிடுங்கள். பின்னால் அடிக்கும் ஹாரனுக்காக வேகம் கூட்டத் தேவையே இல்லை.

பரமக்குடி ஒர்க்‌ஷாப்:

மூடுபனியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம்தான். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டாதீர்கள், திரும்புவது யாருக்கும் தெரியாது. கண்ணாடி உள்ளே மங்கினால் ஏசியைப் போட்டு, சூட்டைக் கூட்டி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். துணியால் துடைத்தால் உடனே மறுபடி மங்கும்.

தொண்டி:

வழி. முதல் தடவையே கொல்லிமலை (70 கொண்டை ஊசி வளைவுகள்), வால்பாறை (40) வேண்டாம். திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை 18 வளைவுகள்தான், ஒரே நாளில் போய்த் திரும்பலாம், பழக அருமையான இடம். மூணாறு என்றால் போடிமெட்டில் 17.

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு, காட்ரோடு வழியே போங்கள், பஸ் போகும் ரோடு. வளைவு மேல் வளைவாகச் சுமார் 50 கி.மீ. ஓடும், பயத்தைவிட அலுப்புதான் அங்கே பிரச்சினை, டம்டம் பாறையில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளுங்கள். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியை மேப் குறுக்குவழியாகக் காட்டலாம். அது குறுகல், மழையில் மண் சரியும், புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ராமநாதபுரத்தில் விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் மதுரை தாண்டிச் சாப்பிட்டுவிட்டு, நல்ல வெளிச்சத்தில் மலை ஏறத் தொடங்கலாம். இறங்கும் நாளிலும் மதியத்துக்குள் கிளம்புங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, அதை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் வரிசையை நிறுத்திவிட்டுப் போனில் தேடும் பதற்றத்தோடு மலை ஏற வேண்டாம்.