உபுண்டு 24.04 புதிதாகப் போட்டபின் மைஎஸ்கியூஎல் உள்ளே விடவில்லை: பிழை எண்கள் 1698, 1064, 2003

கேள்வி

வணக்கம். உபுண்டு 24.04 சர்வரைப் புதிதாக நிறுவி, ஆப்ட் (உபுண்டுவின் மென்பொருள் நிறுவி) மூலம் மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தளம் போட்டாயிற்று. மூன்று இடத்தில் மாட்டுகிறது.

'மைஎஸ்கியூஎல் -யு ரூட் -பி' என்று கொடுத்தால், எந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் 1698 (28000) வருகிறது. முன்னால் சுடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) சேர்த்தால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடுகிறது. உள்ளே போய் 'கிராண்ட் ஆல் … ஐடென்டிஃபைடு பை' என்ற பழைய கட்டளையில் யூசர் உருவாக்கப் பார்த்தால் 1064. சர்வர் 192.168.1.10, பில்லிங் மென்பொருள் ஓடும் கணினி 192.168.1.20. அங்கிருந்து இணைத்தால் 2003, பக்கத்தில் 111. ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குப் பாஸ்வேர்டு வைத்துவிட்டால் எல்லாம் தீருமா?

பதில் 1

தீராது. ரூட்டைத் தொடவே வேண்டாம். இவை மூன்றும் தனித்தனிப் பூட்டுகள்.

1698 பழுதே இல்லை. உபுண்டுவில் ரூட் கணக்கு 'ஆத்_சாக்கெட்' ப்ளகினில் (உள்நுழைபவரைச் சரிபார்க்கும் துணைநிரல்) இருக்கும். சாக்கெட்டின் (ஒரே கணினிக்குள் நிரல்களை இணைக்கும் வழி) மறுமுனையில் எந்த லினக்ஸ் யூசர் இருக்கிறார் என்று சர்வர், இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் கேட்கும்; ரூட் என்றால் விடும், இல்லையென்றால் விடாது. பாஸ்வேர்டை அது ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை. சுடோவோடு பின்வருவதை ஓட்டினால் ரூட் வரிசையில் ப்ளகினின் பெயரைப் பார்க்கலாம்:

செலக்ட் யூசர், ஹோஸ்ட், ப்ளகின் ஃப்ரம் மைஎஸ்கியூஎல்.யூசர்;

திருடுவதற்குப் பாஸ்வேர்டே இல்லாத ஏற்பாடு இது. அதைக் கழற்றி 'நேட்டிவ் பாஸ்வேர்டு' ப்ளகினுக்கு மாற்றச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். அந்த ப்ளகின் 8.4இல் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது, 9.0இல் நீக்கியே விட்டார்கள்.

1064 வரக் காரணம், 8.0 முதல் கிராண்ட் (அனுமதி தரும்) கட்டளை யூசரை உருவாக்காது. இரண்டு படியாகச் செய்யுங்கள்:

கிரியேட் யூசர் 'பில்லிங்'@'192.168.1.20' ஐடென்டிஃபைடு பை 'நீளமான பாஸ்வேர்டு';
கிராண்ட் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் ஆன் கடை.* டு 'பில்லிங்'@'192.168.1.20';

இதில் 'கடை' என்பது தரவுத்தளத்தின் பெயர். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் ஓட்டினால் 1410 வரும். இதற்குப் பிறகு 'ஃப்ளஷ் பிரிவிலேஜஸ்' தேவையில்லை. அனுமதி அட்டவணைகளை நேரடியாகத் திருத்தினால்தான் அது வேண்டும்.

பதில் 2

2003 பற்றி. 111 என்றால் இணைப்பை மறுத்துவிட்டது என்று பொருள்: கணினி வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்த முகவரியில் 3306 போர்ட்டில் (மைஎஸ்கியூஎல்லின் வாசல் எண்) கேட்டுக்கொண்டிருக்க ஆள் இல்லை. அதே இடத்தில் 110 வந்திருந்தால் முதலில் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

சர்வரில் 'எஸ்எஸ் -எல்டிஎன்' (எந்தெந்த போர்ட்டில் கேட்கிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். 127.0.0.1:3306 என்று மட்டும் இருந்தால் அது தன் கணினிக்குள் மட்டுமே கேட்கிறது. இடிசி அடைவில் மைஎஸ்கியூஎல், அதற்குள் மைஎஸ்கியூஎல்.கான்ஃப்.டி, அதற்குள் மைஎஸ்கியூஎல்டி.சிஎன்எஃப் கோப்பைத் திறந்து, எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்று சொல்லும் பைண்ட்-அட்ரஸ் வரியை இப்படி மாற்றுங்கள்:

பைண்ட்-அட்ரஸ் = 127.0.0.1,192.168.1.10

காற்புள்ளி போட்டு இரண்டு முகவரி தருவது 8.0.13 முதல் செல்லும். இங்கே போட வேண்டியது சர்வரின் சொந்த முகவரி. பலர் கிளையண்டின் முகவரியை, அதாவது உங்கள் விஷயத்தில் 192.168.1.20ஐப் போட்டுவிடுகிறார்கள். அது அந்தக் கணினியில் இல்லாத முகவரி என்பதால் சர்வர் எழும்பவே எழும்பாது. கோப்பைச் சேமித்து, சேவையை மறுதொடக்கம் செய்து, எஸ்எஸ்ஸை மறுபடி ஓட்டுங்கள், 192.168.1.10:3306 தெரிய வேண்டும்.

உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இயல்பாக அணைந்தே இருக்கும். நீங்கள் இயக்கியிருந்தால், 3306ஐ ஊருக்கெல்லாம் திறக்காமல் 192.168.1.20க்கு மட்டும் திறங்கள்.

கேட்டவர்

2003 போய்விட்டது, நன்றி. இப்போது 1130 வருகிறது. செய்தியில் ஹோஸ்ட் '192.168.1.35' என்று இருக்கிறது.

பதில் 1

அந்த எண்ணில்தான் விடை இருக்கிறது. பில்லிங் கணினிக்கு ரூட்டர் வேறு ஐபி கொடுத்துவிட்டது. மைஎஸ்கியூஎல்லுக்கு '@'க்குப் பின்னால் இருப்பதும் பெயரின் பகுதி; .20இலிருந்து வரும் பில்லிங்கும் .35இலிருந்து வரும் பில்லிங்கும் ஒருவர் அல்ல. ரூட்டரில் அந்தக் கணினிக்கு .20ஐ நிரந்தரமாக ஒதுக்குவதுதான் சுத்தமான வழி. முடியாவிட்டால்:

ரீநேம் யூசர் 'பில்லிங்'@'192.168.1.20' டு 'பில்லிங்'@'192.168.1.%';

கொடுத்த அனுமதிகள் கூடவே வரும். வெறும் '%' (எந்த முகவரியும் என்று பொருள்) போடாதீர்கள். ஃபயர்வால் விதி இருந்தால் அதையும் இதற்கேற்ப மாற்றுங்கள்.

அடுத்து 1045 வந்தால் பெயரிலோ பாஸ்வேர்டிலோ தவறு. 1044 வந்தால் உள்ளே போய்விட்டீர்கள், அந்தத் தரவுத்தளத்துக்கு அனுமதி இல்லை.

பதில் 3

ஒன்று சேர்க்கிறேன். பில்லிங் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அது அட்டவணையை மாற்றப் பார்க்கும். மேலே கொடுத்த நான்கு அனுமதியில் ஆல்டர் இல்லாததால் 1142 வரும். அதற்காக இந்த யூசருக்கு 'ஆல்' கொடுத்துவிட வேண்டாம். கிரியேட், ஆல்டர், இன்சர்ட், இன்டெக்ஸ், டிராப் உள்ள தனி யூசர் ஒன்றை உருவாக்கி, புதுப்பிக்கும் நேரத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் 'ஆல்டர் யூசர் … அக்கவுண்ட் லாக்' போட்டுப் பூட்டிவிடலாம்.