நிட்டிங் ஊசியும் நூலுமா இருக்கும்போது எதிர்ப்பட்டவங்க: இன்னும் மனசுல உறுத்துற ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க

தாம்பரம் லோக்கல்

ஸ்வெட்டரோட பின்பக்கம். டி.கே. நூல் (நடுத்தரத் தடிமன்), 4 மி.மீ. ஊசி, ஒரு வரி நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரி பர்ல் (புறப் பின்னல்), உங்களுக்குத் தெரியாததில்லை. லேடீஸ் பெட்டியில ஜன்னலோரம் உக்காந்து போட்டுக்கிட்டிருந்தேன். பல்லாவரத்துல ஏறின பாட்டி ஒருத்தங்க எதிர்ல உக்காந்து கிண்டி வரைக்கும் என் கையையே பார்த்துக்கிட்டு வந்தாங்க. சைதாப்பேட்டை தாண்டினதும் ஒரு வார்த்தை கேக்காம மடியில இருந்த துணியைத் தூக்கிட்டாங்க. ஊசியோடயே. கண்ணுக்குக் கிட்ட வெச்சு, கட்டைவிரல் நகத்தால ஒரு கண்ணியை (நூல் வளையம், அதோட ரெண்டு பக்கமும்தான் கால்) நெம்பி, "இதுக்குக் கால் பின்னிக்கிட்டிருக்கு பாரு. மேல் வரி ஒழுங்கா இருக்கு. அதுக்கு மேல மறுபடியும் பின்னிக்கிச்சு"ன்னாங்க.

"அப்ப எப்படிப் போடணும் பாட்டி?"ன்னேன். அதுக்குள்ள மாம்பலம். ரங்கநாதன் தெருவுக்கு இறங்குற கூட்டம் அவங்களை அப்படியே இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

அந்த ஸ்வெட்டரை என் தம்பி பெங்களூர்ல போட்டுக்கிட்டுத்தான் இருக்கான். ஒரு குறையும் இல்லை. ஆனா பாதி மருதாணி போன அந்த நகம் மட்டும் மறக்கவே மாட்டேங்குது. யார் போட்ட துணியைப் பார்த்தாலும் முதல்ல கால் பின்னியிருக்கான்னுதான் பார்க்கறேன்.

நங்கநல்லூர் மாமி

என் கதை சின்னது. ஆஞ்சநேயர் கோவில் வாசல்ல ஆத்துக்காரர் வரட்டும்னு உக்காந்து பின்னிண்டிருந்தேன். ஒரு பொண்ணு வந்து "யாருக்கு மாமி?"ன்னா. யாருக்கும் இல்லை, சும்மான்னேன். "பாவம்"னுட்டுப் போயிட்டா. என்ன பாவம்? இன்னி வரைக்கும் புரியலை.

அது இருக்கட்டும். தாம்பரம், அந்தப் பாட்டி சொன்னது நூத்துக்கு நூறு சரி. உங்க நிட் வரியில தப்பே இல்லை, பர்ல்லதான். பர்ல் போடும்போது நூலை ஊசிக்கு மேலே கொண்டுவந்து கீழ இறக்கணும். நீங்க அடிப்பக்கமா அள்ளறேள். அது சுலபம், வேகமும் கூட, அதனாலதான் நிறைய பேருக்கு அந்தப் பழக்கம். அப்படி அள்ளினா கண்ணி ஊசியில திரும்பி உக்காரும், வலது கால் முன்னாடி இருக்கறதுக்குப் பதிலா பின்னாடி போயிடும். அடுத்த வரியில வழக்கம்போல முன்காலுக்குள்ள ஊசியை விட்டேள்னா முறுக்கிக்கும். பர்ல் வரியில பிறந்த கண்ணி மட்டுந்தான் முறுக்கும், அதனாலதான் ஒண்ணு விட்டு ஒரு வரி. வட்ட ஊசியில (ரெண்டு முனையையும் ஒயர் சேர்க்கும்) சுத்திச் சுத்திக் குல்லா போட்டா இது வராது, அதுல பர்ல் வரியே கிடையாதே!

துணி இறுகும், இழுத்தா கொடுக்காது. தம்பிக்குக் கைக்குழி பிடிக்கறதான்னு கேளுங்கோ. இன்னொண்ணு. கழுத்துக்குக் கண்ணி எடுக்கறச்சே ஒரு ஊசி சின்னதா எடுத்துக்கோங்கோ. அப்புறம் மாதிரித் துண்டு போட்டேளா? 10 செ.மீ. சதுரம் போட்டு, அதை அலசிக் காயவெச்சு, அப்புறமாத்தான் கண்ணி எண்ணணும். அலசாம எண்றது எண்ணாததுக்குச் சமம். ஓரம் சுருண்டுக்கறது ஸ்டாக்கினெட்டோட (ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல் போடற துணி) குணம், தண்ணி தெளிச்சுக் குண்டூசி குத்தி வெச்சாலும் திரும்பச் சுருளும். ஓரத்துல நாலு கண்ணி கார்ட்டர் (எல்லா வரியும் நிட்) போடுங்கோ. லேஸ் போடறவா எல்லாரும் சில வரிக்கு ஒரு தடவை தையல் நூலை எல்லாக் கண்ணிக்குள்ளயும் ஓட்டி வெச்சுக்கோங்கோ, பிரிக்கறச்சே அந்த நூல்கிட்ட வந்து நின்னுடும். கேக்காட்டாலும் சொல்றேன், அப்புறம் அழப்படாது.

ஐ.சி.எஃப். பின்னல்

மாமி, மன்னிக்கணும். அடிப்பக்கமா அள்ளுறது தப்பில்லை. பர்ல்ல அள்ளிட்டு, நிட் வரியில பின்காலுக்குள்ள ஊசியை விட்டா கண்ணி நேராயிடும். உலகத்துல நிறைய பேர் அப்படித்தான் போடுறாங்க, அதுக்குக் காம்பினேஷன்னு பேரே இருக்கு. ரிப்ல (நிட்டும் பர்லும் மாறி மாறி வர்ற இழுவைப் பட்டை) வேணும்னே முறுக்கிப் போடுற டிசைன் எவ்வளவு இருக்கு! பாட்டி "பின்னிக்கிட்டிருக்கு"ன்னாங்க. தப்புன்னு சொல்லலையே? அது நீங்களா சேர்த்தது.

என் சங்கதி இது. நவம்பர் வந்தா ஸ்வெட்டர் விக்க வர்ற திபெத் அக்கா. கடை முழுக்க மெஷின் ஸ்வெட்டர், அதுக்கு நடுவுல உக்காந்து அவங்க கையில நாலு ஊசி வெச்சு என்னமோ போட்டுக்கிட்டிருந்தாங்க. நூல் இடது கையில. வியாபாரம் பேசுறாங்க, சில்லறை கொடுக்கறாங்க, ஒரு தடவை கூடக் குனிஞ்சு பார்க்கலை. சில்லறை எண்ணும்போது மட்டும் ஊசிக்கட்டை அக்குள்ல இடுக்கிக்கிட்டாங்க. அதை விக்கச் சொல்லிக் கேட்டேன். தொங்குற மெஷின் ஸ்வெட்டரைக் காட்டி அரைகுறை இந்தியில "விக்கிறது இது"ன்னாங்க. கையில இருக்கறதைக் காட்டி "பையன்"னாங்க. நான் விலையை ஏத்திக்கிட்டே போனேன். அவங்க சிரிச்சாங்களே தவிர மசியலை. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கு. என்னைப் பார்த்தா சிரிச்சாங்க?

தாம்பரம் லோக்கல்

கைக்குழி பிடிக்கலை மாமி. நான் வழி கேட்டு இங்க எழுதலை, ஒரு விஷயம் சொன்னேன், அவ்வளவுதான். மாதிரித் துண்டும் போட்டேன். அலசினேன்.

அசோக் நகர் வாசி

எங்க தெருமுனையில வேப்பமரத்தடியில இஸ்திரி வண்டி. கரிப்பெட்டிதான், கரண்ட் கிடையாது. பேத்திக்குப் போட்ட பூப்போட்ட ஸ்வெட்டரை மத்த துணியோட கொடுத்தேன். கடையில உல்லன்னு சொல்லி வாங்கின நூல். நம்ம ஊர்லதான் எல்லாத்துக்கும் உல்லன்தானே பேரு.

அவர் ஸ்வெட்டரைத் தனியா எடுத்து வெச்சாரு. ரெண்டு விரலால கசக்கிப் பார்த்தாரு. "அம்மா, இது உருகிடும்"னாரு. கம்பளி எப்படிப்பா உருகும்னு கேட்டேன். உள்பக்கம் தொங்கின நூல் முனையைக் கிள்ளி, பெட்டியைத் திறந்து கங்கு மேல போட்டாரு. சுருண்டுச்சு, கரு மிளகு மாதிரி உருண்டு கெட்டியா நின்னுச்சு, பிளாஸ்டிக் நாத்தம். "ஆட்டு ரோமமா இருந்தா தலைமுடி கருகுற வாசனை வரும், தொட்டாப் பொடியும். இது நைலானு, அந்த ஜாதி"ன்னாரு. அக்ரிலிக்னு பேர் தெரியலை, மத்தபடி முழு லேபாரட்டரி! ஸ்வெட்டரை மடிச்சுக் கையில கொடுத்துட்டாரு, அதுக்குக் காசும் வாங்கலை.

எனக்கு உறுத்துறது என்னன்னா, நாள் முழுக்க அந்த நூலை விரல்ல ஓட்டினது நான். ஒரு கசக்குல கண்டுபிடிச்சது அவரு.

சென்னைக்கு அக்ரிலிக்தான் சரின்னு நான் இன்னும் சொல்வேன். குழந்தைத் துணி தினம் துவைக்கணும், கம்பளியைச் சுடுதண்ணியில போட்டு அலசினா ரோமத்துல இருக்கற செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு இறுகிடும், அப்புறம் பொம்மைக்குத்தான் போடலாம். சூப்பர்வாஷ் கம்பளிக்கு (இறுகாம இருக்கப் பதப்படுத்தினது) அந்தப் பயம் குறைவு, விலைதான் தலை சுத்தும். ஆனா அக்ரிலிக் மேல இஸ்திரிப் பெட்டி மட்டும் படக்கூடாது. ரிப் செத்துத் தட்டையாயிடும், திரும்ப எழுந்திருக்காது.

8 நம்பர்

சீக்கிரம் சொல்லிடறேன், ஆபீஸ்ல இருக்கேன். அமெரிக்க பேட்டர்ன், தொப்பி, 8 நம்பர் ஊசின்னு போட்டிருந்துச்சு. பாரிஸ் கார்னர்ல தேவராஜ முதலி தெருவுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு சின்னக் கடை. "8 நம்பர் கொடுங்க"ன்னேன். கல்லாவுல இருந்த பெரியவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, "எந்த ஊரு எட்டு?"ன்னாரு.

முழிச்சேன். ஓட்டை ஓட்டையா இருக்கற தகடு ஒண்ணை எடுத்தாரு, ரெண்டு ஊசியைப் போட்டுக் காட்டினாரு. நம்ம கடையில கிடைக்கறது பழைய இங்கிலீஷ் கணக்கு: 8 நம்பர்னா 4 மி.மீ., நம்பர் ஏற ஏற ஊசி ஒல்லியாகும், 10 நம்பர் 3.25 மி.மீ. அமெரிக்கக் கணக்கு தலைகீழ். அங்க 8ன்னா 5 மி.மீ., நம்பர் ஏற ஏறத் தடிக்கும். "நம்பரைச் சொல்லாதீங்க, மில்லிமீட்டர் சொல்லுங்க"ன்னு ஒரு அதட்டல். பின்னால நின்ன ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 மி.மீ.ல டி.கே. நூல் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும். 88 கண்ணி போட்டா 40 செ.மீ. சுத்தளவு. எங்க மாமனார் தலை அதுக்குள்ள நுழையணுமே! இதுல என்ன உறுத்தல்னு கேப்பீங்க. அதட்டினதுக்கு அப்புறம் அவர் ரெண்டு சைஸையும் கையில கொடுத்து, "பின்னிப் பார்த்துட்டு வேணாம்கிறதைத் திருப்பிக் கொடுங்க"ன்னாரு. அடுத்து அந்தப் பக்கம் போனப்ப கடை இருந்த இடத்துல மொபைல் கவர் தொங்குது. ஊசி என்கிட்டயே இருக்கு.

வேளச்சேரி ஃப்ளாட்

லிஃப்ட்ல. பையிலிருந்து ஊசி எட்டிப் பார்க்குது. அஞ்சாவது மாடி ஆன்ட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கின்னஸ்ல வந்த போர்வை! நீயும் போட்டியாம்மா? எங்க சென்னைப் பொண்ணுங்க!"ன்னு கண்ணெல்லாம் கலங்குறாங்க. நான், "இல்ல ஆன்ட்டி, அது கிரோஷா, இது நிட்டிங்"னேன். கையை விட்டுட்டாங்க. மூணாவது மாடியிலிருந்து அஞ்சாவது மாடி வரைக்கும் ரெண்டு பேரும் நம்பர் மாறுறதையே பார்த்துக்கிட்டு நின்னோம்.

அசோக் நகர் வாசி

அது 2016 ஜனவரி 31. மதர் இந்தியாஸ் க்ரோஷே க்வீன்ஸ் குழு, 11,148.5 சதுர மீட்டர். ஆன்ட்டி கண்கலங்கினதுல தப்பே இல்லை. "ஆமா"ன்னு தலையாட்டிட்டுப் போயிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

வேளச்சேரி ஃப்ளாட்

நான் போடாததை எப்படிப் போட்டேன்னு சொல்றது?

நங்கநல்லூர் மாமி

அடுத்த தடவை யாராவது கேட்டா இப்படிச் சொல்லிடு. கிரோஷாவுல கையில எப்பவும் ஒரே கண்ணிதான், மத்ததெல்லாம் முடிஞ்சாச்சு. நிட்டிங்ல வரி முழுக்கக் கண்ணி ஊசியிலயே உயிரோட நிக்கும், ஊசி நழுவினா போச்சு. அதுக்கு ஒரு ஊசி, இதுக்கு ரெண்டு ஊசி. குழந்தைக்கும் புரியும்.

ஐ.சி.எஃப். பின்னல்

வட்ட ஊசி ஒண்ணா ரெண்டா மாமி?

நங்கநல்லூர் மாமி

ரெண்டு முனை இருக்கோன்னோ. ரெண்டு.

ஐ.சி.எஃப். பின்னல்

கடையில ஒண்ணுக்குத்தானே காசு வாங்குறாங்க.